நான்காவது குதிரைத் தலை

குதிரைத் தலையை வைத்தது யார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உண்மையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருப்பது நான்.

என் பெயர் டெலியா. கிளேர் மாவட்டத்தின் வடக்குப் பக்கத்திலிருந்து இந்த மேற்குக் கோடிக்கு, டால்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் புருஷன் ஆம்ப்ரோஸ். அவருடைய அக்கா ஹன்னா. கல்யாணமாகாமல் பிறந்த வீட்டிலேயே இருந்தவள். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் அடுப்பு அணையாது, சண்டையும் அணையாது என்று என் அம்மா பயமுறுத்தித்தான் அனுப்பினாள். சண்டை போட்டோம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கூடப் பிறந்தவர்களைவிட அவளோடுதான் நான் அதிக நாள் வாழ்ந்தேன்.

அந்த ஐப்பசி மழைக்காலத்தில் எங்கள் கழிவுத் தொட்டி பொங்கி வழிந்தது. புதிது வைத்தே ஆகவேண்டும் என்றாகி, வீட்டுக்குப் பின்னால் முற்றத்தைத் தோண்ட ஜேசிபி வந்தது. ஒரு காலத்தில் டால்டிகளின் பழைய கூரைவீடு அங்கேதான் இருந்தது. மாமனார் ஆஸ்டின் முன்பக்கம் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு வந்ததும் அது, அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டும் எரிமண்ணை அடுக்கும் கொட்டகையானது. அவர் செத்தபிறகு ஆம்ப்ரோஸ் அதை இடித்து, மேலே சரளை கொட்டிவிட்டார். அதனால் ஜேசிபியின் முதல் வாரலிலேயே பழைய வீடு மேலே வர ஆரம்பித்தது.

முதலில் பீங்கான் சில்லுகள். பிறகு ஒரு கழுதை லாடம். மூன்று கால் இரும்புப் பானை, இரண்டு கால் மட்டும். அடுப்புக்கு மேல் சட்டியைத் தொங்கவிடும் கொக்கி. ஹன்னா ஒரு வாளியில் தண்ணீரும் பழைய பாத்திரம் தேய்க்கும் பிரஷும் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றையும் கழுவி, சமையல் மேஜையில் செய்தித்தாளை விரித்து வரிசையாக வைத்தாள். என் மேஜையில். நான் ரொட்டி மாவை எங்கே பிசைவது என்று கேட்டதற்கு, “மடியில வச்சுப் பிசை” என்றாள்.

சேதி எப்படித்தான் பரவுமோ, மதியத்துக்குள் ஜெரார்ட் வந்து நின்றார். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்க் கதிரடிப்பு விழாவில் பழைய சாமான்களை மேஜை போட்டுக் காட்டுகிறவர் அவர்தான். துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் அது ஆயிரம் வருஷத்துப் பொருள் என்பார். கெட்ட மனிதர் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம்.

ஒரு மரப்பிடியில்லாத தகட்டை எடுத்து, “இது வைக்கிங் காலத்து வாளோட நுனி, பந்தயம் கட்டுறேன்” என்றார்.

“வெண்ணெய் தட்டுற பலகைக்கு அடிச்ச தகடு. எங்கம்மா கையில இருந்தது” என்றாள் ஹன்னா. “வைக்கிங்குக்கு வெண்ணெய் வேணும்னா வந்து கேட்டிருப்பான்.”

“அப்ப இந்த வளையம்? சுத்தி முள்ளு முள்ளா இருக்கே. போர்க்குதிரைக்கு மாட்டுறதா?”

ஹன்னா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “பால்குடி மறக்கடிக்கிற வளையம். கன்னுக்குட்டி மூக்குல மாட்டிவிடுவாங்க. அது பால் குடிக்கத் தாய்கிட்ட போனா முள்ளு மடியில குத்தும். தாயே உதைச்சுத் தள்ளிடும். நாம விலக்க வேண்டாம். பாவம் நம்ம மேல வராது பாருங்க.”

ஜெரார்ட் அதை மரியாதையாக மேஜையில் வைத்தார். சாமான்களைப் பற்றிப் பேசும்போது ஹன்னாவின் முகத்தில் ஒரு நிமிர்வு வரும். அந்த வீட்டின் ஞாபகம் முழுக்க அவளிடம்தான் இருந்தது. ஆம்ப்ரோஸுக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவிருக்காது.

அந்த நேரத்தில்தான் கார்மெல் வந்தாள்.

கார்மெல் பக்கத்து நிலத்து ஹோனன் வீட்டு மருமகள். ஹோனன்கள் எங்கள் வாசலை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவளும் மிதிக்கவில்லை. கதவுக்கு வெளியே, மழையில், தலையில் துணியோடு நின்றாள். ஜெரார்டுக்கு நிலைமை புரிந்தது. குழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவினார்.

“செனன் மாமாவுக்கு முடியலை” என்றாள் கார்மெல். “டாக்டர் இந்த வாரம் தாண்டாதுன்னுட்டார். அவர் உங்களைக் கேக்கிறார், மிஸ் டால்டி. ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம் உங்ககிட்ட. ஒரு தடவை வந்துட்டுப் போனீங்கன்னா...”

ஹன்னா பிரஷைக் கீழே வைக்கவில்லை. “பாதிரியார்கிட்ட கேக்கச் சொல்லு. மன்னிப்பு குடுக்கிறது அவர் தொழில்.”

“மன்னிப்புன்னு அவர் சொல்லலை.”

“எங்க கொட்டில் வாசல்ல குதிரைத் தலையைப் புதைச்ச கை அது. அந்தக் கையை நான் பிடிக்க மாட்டேன். போயிட்டு வா பொண்ணே, நனையுற.”

கார்மெல் போய்விட்டாள். நான் சட்டிகளைச் சத்தமாக வைத்தேன். சாகிறவன் கூப்பிட்டால் எதிரியும் போவான். அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அது அவளுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ஹன்னாவுக்கும் செனன் ஹோனனுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய் என்று நாள்கூடக் குறித்தாயிற்று. அப்போது ஹன்னா, ஆம்ப்ரோஸ் இருவரின் அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்துப் பையன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொட்டிலில் மூன்று கன்றுகள் அடுத்தடுத்துச் செத்தன. மாமனார் ஆஸ்டின் கொட்டில் வாசற்படிக்கு அடியில் தோண்டினார். ஒரு குதிரை மண்டையோடு வந்தது. அதோடு அழுகின முட்டைகள்.

முட்டையும் எலும்பும் புதைப்பதென்றால் எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். செய்வினை. அடுத்தவன் பாலும் அதிர்ஷ்டமும் தன் வீட்டுக்கு வரட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரன் வைப்பது. ஆஸ்டின் ஹோனன் வீட்டைக் கைகாட்டினார். செனனின் அம்மாதான் வைக்கச் சொன்னாள், மகன்தான் வைத்தான் என்றார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அந்தத் தலையை வயலில் போட்டு எரித்தார்கள். செனன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்யவில்லை என்று வந்து சொல்லவுமில்லை. அந்த வாரமே கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டான். குற்றம் இல்லாதவன் ஏன் ஓடுவான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் அம்மாவின் வெண்ணெயை அதற்குப் பிறகு ஒருவரும் வாங்கவில்லை. கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் மண்டியிடவில்லை. அப்படியே செத்தாள்.

ஹன்னா அப்பாவை நம்பினாள். வேறு யாரை நம்புவாள்? மே மாதம் பிறப்பதற்கு முந்தின மாலையில், செய்வினை அண்டாதிருக்க ஹோனன் வேலியோரமாக ஒவ்வொரு வருஷமும் அவள்தான் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவாள். சுரங்கம் வெட்டி வெட்டி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு செனன் ஊர் திரும்பிய பிறகும் தெளித்தாள். அவர் ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

கார்மெல் வந்துபோன மறுநாள் ஆம்ப்ரோஸ் கன்றுகளை ஓட்டிக்கொண்டு கில்ரஷ் சந்தைக்குப் போய்விட்டார். ஜேசிபி குழியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியது. ஜெரார்ட் வேலைக்கு வந்தவர் மாதிரி காலையிலேயே ஆஜர். ஒரு இடத்தில் ஜேசிபியின் வாளி கரகரவென்று உரசியது. பெரிய தளக்கல். அடுப்புக்கு முன்னால் பதிக்கிற மாதிரி, மெத்தை அகலத்துக்கு.

“நிறுத்துப்பா, நிறுத்து” என்று ஜெரார்ட் குழிக்குள் இறங்கினார். காலால் மண்ணைத் தள்ளினார். குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். கல் டங்கென்று பேசியது. மறுபடி மிதித்தார். பிறகு அந்த வயசான மனிதர், சேற்றில், எங்கள் பக்கத்து ஆட்டத்தின் முதல் அடியை முழுசாகப் போட்டார். பீப்பாய் மேல் ஆடுகிற மாதிரி சத்தம் முற்றமெல்லாம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

“கீழ வெத்திடம் இருக்கு” என்றார் ஜெரார்ட். “தூக்கு. மெதுவா.”

ஜேசிபி கல்லின் ஒரு ஓரத்தைத் தூக்கியது. கீழே கல் அடுக்கிய சின்னக் குழி. மூன்று மூலையில் மூன்று குதிரை மண்டையோடுகள், மேல்நோக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு. நான்காவது மூலை காலி.

ஹன்னா பின்வாசலிலிருந்து எழுந்து வந்திருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். “இன்னும் மூணா” என்றாள். “கடவுளே, மூணு வச்சிருக்கானா.”

“யாரும் வைக்கலைங்க” என்று ஜெரார்ட் சிரித்தார். அவருக்குப் பழைய கதை தெரியும், ஆனால் ஆராய்ச்சி சந்தோஷத்தில் அது மறந்துவிட்டது. “அதாவது, வீட்டைக் கட்டினவங்கதான் வச்சது. ஆடுறதுக்கு. தளத்துக்கு அடியில குதிரைத் தலை வச்சா காலடிச் சத்தம் கணீர்னு வரும். அந்தக் காலத்துல நல்ல ஆட்டக்காரனை ‘தலை மேல ஏறு’ன்னுதான் கூப்பிடுவாங்க.”

“எங்க வீட்டுலயும் இருந்தது” என்றேன். என் குரல் எனக்கே விநோதமாகக் கேட்டது. “அடுப்புக்கு முன்னாடி. எங்க சித்தப்பாங்க அந்தக் கல்லுக்காக அடிச்சுக்குவாங்க.”

இந்தப் பக்கம் வீடுகளில் ஆட்டம் வைக்கக்கூடாது என்று பாதிரியார்கள் தடுத்ததெல்லாம் ஹன்னா பிறப்பதற்கு முன்பே; வடக்கே எங்கள் ஊரில்தான் அது எடுபடவில்லை. இந்தத் தளத்தில் யாரும் ஆடி அவள் பார்த்ததில்லை. ஏன் நீ முன்பே சொல்லவில்லை என்று என்னைக் கேட்பீர்கள். கொட்டில் வாசற்படியில் அழுகின முட்டையோடு ஒரு தலை கிடந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு எவளுக்கு ஆட்டம் நினைவு வரும்?

ஜெரார்ட் தலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். காலி மூலையில் கையை விட்டு, களிமண்ணோடு ஒரு கட்டியை எடுத்தார். “இது என்னன்னு தெரியலை. ஏதோ டப்பா. ஒருகாலத்துல எவனோ கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பி ஒரு தலையை எடுத்திருக்கான். எடுத்தவன் இதை விட்டுட்டுப் போயிருக்கான். மறுபடி கல்லைப் போட்டு மூடியிருக்கான் பாருங்க, கவனமா.”

ஹன்னா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஜெரார்ட் தன் காரிலிருந்து அட்டைப்பெட்டி எடுக்கப் போய்விட்டார்.

அவள் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தாள். களிமண் கரைந்து போனது. துருவுக்கு நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி, குறுக்கே ஒரே ஒரு விரிசலோடு. பிடியைச் சுற்றிப் பச்சை பிடித்த செப்புக் கம்பி, நெருக்கமாக, ஒழுங்காகச் சுற்றியது.

“என் சைக்கிள் விளக்கு” என்றாள்.

“நல்லாப் பாரு.”

“கீழ விழுந்து பிடி ஒடஞ்சு, கண்ணாடி கீறிடுச்சு. செனன்தான் கம்பி சுத்திக் குடுத்தான். கண்ணாடி மாத்த வேண்டாம், வெளிச்சம் ரெண்டாப் பிரிஞ்சு விழுது, தூரத்துல வந்தாலும் நீதான்னு தெரியும்னான்.” அவள் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். “அந்த வாரம் காணாமப் போச்சு. அவன்தான் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டான்னு அப்பா சொன்னார்.”

நான் குழாயை மூடினேன்.

“கொட்டகைக்குப் பூட்டு இருந்தது, டெலியா. சாவி அப்பா பெல்ட்டுலதான் இருக்கும். தூங்கறப்பக் கூட.” அவள் நிதானமாகத்தான் சொன்னாள், யாருக்கோ வழி சொல்கிற மாதிரி. “அவர் அந்த வீட்டுல பிறந்தவர். அந்தக் கல்லுமேல ஆடினவர். அதுக்கடியில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?”

“கன்னுக்குட்டிங்க செத்துச்சே.”

“கன்னுக்குட்டிங்க எல்லா வருஷமும்தான் சாகும்.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆஸ்டினை நான் பார்த்துக்கொண்டேன், கடைசி இரண்டு வருஷம். கஞ்சி ஊட்டினேன், படுக்கை மாற்றினேன். அவர் செத்தபோது ஹன்னா மூன்று நாள் சாப்பிடவில்லை. பெண்டாட்டி போய், வீட்டில் பால் கறக்க ஆளில்லை, மகனுக்குச் சோறு போட ஆளில்லை. மகளைப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பாவம் தன் மேல் வருமே. குதிரைத் தலையை எடுத்து வைத்துவிட்டார். மேஜையில் அந்த முள் வளையம் கிடந்தது. அதை நான் பார்க்கவே கூடாது என்று திரும்பிக்கொண்டேன்.

ஹன்னா விளக்கைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. “வா” என்றாள். “எனக்குத் தனியா அந்தக் கேட்டைத் திறக்க வராது.”

போகிற வழியெல்லாம் அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதி கேட்டது. நீ வைக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு செனன். உங்கம்மா வைக்கலை. இதோ பாரு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதைச் சொல்ல அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் பலித்தது. சில வேண்டுதல்கள் பலிக்காமல் இருப்பதே நல்லது.

கார்மெல் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அறைக்கதவைத் திறந்துவிட்டாள். செனன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி கிடந்தார். நல்ல உயரமான மனிதர், போர்வைக்குள் ஒன்றுமே இல்லை. ஜன்னல் எங்கள் வேலியைப் பார்த்து இருந்தது. நான் கதவோரம் நின்றேன். ஹன்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

“வந்துட்டியா” என்றார்.

“வந்துட்டேன்.”

“நான் முதல்ல பேசிடறேன் ஹன்னா. மூச்சு தாங்காது.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இளைத்து நிறுத்தினார். “கோபமெல்லாம் இல்ல. எப்பவோ போயிடுச்சு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு ராத்திரி நான் வேலி இடுக்குல நின்னுக்கிட்டிருந்தேன். நீ வருவேன்னு.”

ஹன்னா கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

“உன் விளக்கு வந்துது. ரெண்டாப் பிரிஞ்ச வெளிச்சம். உலகத்துல வேற எங்க இருக்கு அது? எரிமண் கொட்டகையில இருந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போச்சு. ரொம்ப நேரம் அங்கயே இருந்தது. தோண்டுற சத்தம் கேட்டுது. அப்புறம் திரும்பிப் போச்சு. நான் கூப்பிடலை. மறுநாள் உங்கப்பா கத்தினப்பதான் எனக்குப் புரிஞ்சுது, நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

“என்னை வேண்டாம்னா வாயால சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கட்டி இழுத்துட்டா போயிருப்பேன்? எங்கம்மா பேர்ல எதுக்குப் போட்டே? அவளுக்கு உன்னைப் பிடிக்கும். அவகிட்ட நான் சொல்லவே இல்ல, உன்னைப் பார்த்தேன்னு. யார்கிட்டயும் சொல்லலை. ஏன் செஞ்சே? அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

எடு, என்று நான் மனசுக்குள் கத்தினேன். பையிலிருந்து எடு. அப்பாதான் என்று சொல். ஒரு வார்த்தை போதும். அவள் கை பைக்குள் அசைவது தெரிந்தது. விளக்கைப் பிடித்திருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள், அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கையை வெறுமையாக வெளியே எடுத்துப் போர்வைமேல் வைத்தாள்.

“பயமா இருந்துச்சு” என்றாள். “அம்மா போயிட்டா. தம்பி சின்னப்பையன். பால் கறக்க ஆள் இல்ல. நான் போயிட்டா வீடு விழுந்துடும்னு தோணிச்சு. வரேன்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டேன், வரலைன்னு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை. வேற வழி தெரியாமப் பண்ணிட்டேன்.”

அப்பனின் காரணங்களை ஒன்று விடாமல் எடுத்து அவள் உடுத்திக்கொண்டாள். அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

செனன் அவள் கையைப் பார்த்தார். “அப்ப என்னைப் பிடிக்காததால இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல. ஒருநாளும் இல்ல.”

“நான் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். எங்க போனாலும் அதான். என்கிட்ட என்ன அருவருப்பு கண்டாளோன்னு.” அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. சிரித்தார் என்றே சொல்லலாம். “பயம்தானா. பயம்னா புரியுது எனக்கு. போகட்டும் ஹன்னா. நான் விட்டுட்டேன். நீயும் விட்டுடு.” கொஞ்சம் கழித்து, “நல்லா இருந்தியா?” என்றார்.

“நல்லா இருந்தேன்.”

“அது போதும். நானும் பரவால்லாம இருந்தேன்.”

அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னதும் பொய். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹன்னா அவர் கையை, முந்தின நாள் பிடிக்க மாட்டேன் என்ற அந்தக் கையை, அவர் தூங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் எனக்கு அடக்க முடியவில்லை. “உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? பையில சாட்சியை வச்சுக்கிட்டு, செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிட்டு வரியே. அவர் சாகறப்பகூட உண்மை தெரியக்கூடாதா?”

“தெரிஞ்சு என்ன பண்ணுவான்?” என்றாள். மழையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சும்மா அநியாயமா எல்லாம் போச்சு, யாரும் யாரையும் ஏமாத்தலை, நாம ரெண்டு பேரும் வேலிக்கு ரெண்டு பக்கம் முட்டாளாட்டம் இருந்துட்டோம்னு சொல்லவா? நாளைக்கு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கவா போறான்? படுத்துக்கிட்டு அதையே நெனச்சுக்கிட்டுச் சாவான். எனக்குத் தெரிஞ்சாச்சே, பத்தாதா? ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதும் அது.”

“ரெண்டு ஆளு” என்றேன்.

“நீ வாயைத் திறக்க மாட்டே. ஆம்ப்ரோஸ்கிட்டகூட. அப்பான்னா அவனுக்கு உசிரு.”

வெள்ளிக்கிழமை செனன் இறந்தார். நிம்மதியாகப் போனார் என்று கார்மெல் சொன்னாள். ஆனால் அதற்கு முன் வீட்டாரிடம் பேசியிருக்கிறார். ஹன்னாமேல் பகை வைக்காதீர்கள், பாவம் பயந்துபோய்ச் செய்தாள் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரைப் புதைத்து வருவதற்குள் அது கில்ரஷ் வரைக்கும் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஹன்னா கை நீட்டியபோது, செனனின் தம்பி மகன் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பாட்டியின் வெண்ணெய் அது.

இத்தனை காலம் செய்வினைக்கு ஆளான வீட்டுப் பெண் என்று ஊர் அவள்மேல் வைத்திருந்த இரக்கம் ஒரே வாரத்தில் தலைகீழானது. ஆம்ப்ரோஸ் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. “அப்பாவை ஊர் முன்னாடி பொய்யனாக்கிட்டியே” என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். எனக்கு நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஹன்னா என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள். நான் அதைத் தின்றேன்.

ஜெரார்டின் மேஜையில் மூன்று தலைகளும் இப்போது இருக்கின்றன. ஆட்டத்துக்காக வைக்கப்பட்டவை என்று எழுதிவைத்திருக்கிறார். நான்காவது எங்கே என்று குழந்தைகள் கேட்டால் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முள் வளையத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். விளக்கை ஹன்னா குழிக்குள் போட்டாள். அதன்மேல் தொட்டியை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார்கள். கழிவுக்குக் கீழே கிடக்கிறது.

அதற்குப் பிறகு மே மாதத்துக்கு முந்தின மாலைகளில் அவள் தீர்த்தம் தெளிக்கப் போகவில்லை. வேலி இடுக்கு வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வருவாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன கார்த்திகையில் ஹன்னா போனாள். எங்கள் ஊரில் கட்டிக்கொடுக்காத மகளுக்கு அப்பனின் குழிதான். வேறு இடம் கிடையாது. செனன் கல்லறைத் தோட்டத்துப் பாதைக்கு அந்தப் பக்கம், தன் அம்மாவோடு இருக்கிறார். குழி வெட்டினவர்கள் ஆஸ்டின் டால்டி என்று பொறித்த கல்லை நகர்த்தி, கீழே இடம் பண்ணிக் கொடுத்தார்கள். வேண்டாம், அவரோடு மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அங்கே ஒரு வாய்தான் இருந்தது. திறக்காதே என்று அவள் கேட்டிருந்தாள்.

அவரோடு படுக்கவைத்தோம்.